எங்கள் வீட்டுக்கு மட்டும் டிரம் இல்லை

“…அதெல்லாம் இருக்கட்டும்பா, பொட்டி எங்க? பொட்டி இல்லாம இந்தப் பாட்ட எடுக்கக் கூடாதே. வெளிய எறக்கி வெச்சிட்டு வந்துட்டீங்களா?”

கேட்டது என் மனைவி. கேட்கப்பட்டவர்கள் எங்கள் சபையின் கொயர், அதாவது பாட்டுக் குழு மொத்தமும். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், சாயங்காலம். எங்கள் வீட்டு முன்னறையில் தலையைக் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஓர் ஆறுதல் பாட்டின் முதல் அடியைப் பாடி முடித்திருந்தார்கள். அவள் சொன்ன பொட்டி சவப்பெட்டி. அந்தப் பாட்டு எங்கள் பக்கத்தில் பெட்டிக்கு முன்னால் நின்று பாடுகிற பாட்டு.

கேரல் ரவுண்ட்ஸ் வந்த இடத்தில் சாவுப் பாட்டு பாடுகிற நிலைக்கு நல்ல மனிதர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். கெட்டவர்கள் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன். நல்லவர்கள் கூடி உட்கார்ந்து, டீ குடித்து, ஜெபம் பண்ணி, யோசித்துச் செய்தார்கள். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி மில்லில் கிரேன் ஓட்டுகிறவன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு என்னைக் கைகழுவியது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் பஜ்ஜி மடித்த தாளும் மனிதர்களின் வாயும்தான். ஒருவர் நன்றாக ஒன்று சொல்லிவிட்டால் அது எனக்கு மறக்காது. எங்கள் ஷிப்டு இன்சார்ஜ், “லோடு தொங்கும்போது வாய மூடு, எறக்கின பிறகு என்னைத் திட்டு” என்பார். அவர் வேலைநேரத்தில் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் லோடு தொங்கிக்கொண்டிருந்தது. ஊரே வாயைத் திறந்துகொண்டிருந்தது.

மனைவிக்கு மார்பில் கட்டி. அறுவை முடிந்து, மழை தொடங்கிய சமயத்தில் கீமோவும் தொடங்கியது. அதுவரை கவரைப்பேட்டைப் பக்கம், கார்களுக்கு வயர் பின்னிக் கொடுக்கிற கம்பெனியில் வேலை பார்த்தாள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நாங்கள் அடுத்தவர் ஷெட்டில் வயர் பின்னுகிறோம், கம்பி தூக்குகிறோம். நடுவில் வந்து சேர்ந்தது இந்தச் சபை. அதில் அவள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கொயர். ஆல்டோ. பெண்கள் குரலில் கீழே நிற்கிற வரி அது. மேலே போகிற சோப்ரானோவுக்குத்தான் எல்லோரும் அடித்துக்கொள்வார்கள், ஆல்டோவுக்கு ஆள் வராது. இவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். “மேல போறவளுங்க சுதி வுட்டா நான்தான புட்ச்சிக் குடுக்கணும்” என்பாள். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டும், வேறு எதில் கர்வப்பட எங்களுக்கு இடம் கொடுத்தார்கள்?

செய்தி தெரிந்ததும் வீடு தேடி வந்தார்கள். வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை, வெறும் வாயோடும் வரவில்லை. ஒருவர் பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்தார். ஒருவர் முள்சீத்தாப் பழம் என்றார், அது கிடைக்காவிட்டால் அதன் இலை என்றார், இலையும் கிடைக்காவிட்டால் அதைப் பற்றி ஒரு வீடியோ இருக்கிறது என்று போனில் அனுப்பினார். அவள் கம்பெனியிலிருந்து வந்த ஒரு பெண்மணி, தன் அத்தைக்கும் இதே வியாதிதான் என்று ஆரம்பித்து, ஆஸ்பத்திரி, ஆபரேஷன் என்று விவரமாகச் சொல்லிக்கொண்டே போய், திடீரென்று நிறுத்திவிட்டு மிக்சர் தின்னத் தொடங்கினார். அத்தை என்ன ஆனார் என்று நாங்கள் கேட்கவில்லை. மிக்சரே சொல்லிவிட்டது.

எல்லோரும் போகும்போது “தைரியமா இருங்க” என்று ஒன்று சொல்வார்கள். இவள் ஒருநாள் திருப்பிக் கேட்டாள்: “தைரியம் எந்தக் கடையில விக்கிதுன்னு சொல்லிட்டுப் போங்கோ. இவர அனுப்பி அரை கிலோ வாங்கியாரச் சொல்றேன்.”

வந்தவர் அதை வாசல் வரை யோசித்துக்கொண்டே போனார்.

பக்கத்து வீட்டம்மா ஒருத்தர்தான் எதுவும் சொல்லாதவர். ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வாழ வந்தவர். மில் கேட்டுக்கு எதிரே இட்லிக் கடை போட்டிருக்கிறார். என்னை நைனா என்பார், இவளைப் பொண்ணே என்பார். எங்கள் சாமி வேறு, அவர் சாமி வேறு. காலையில் இட்லித் தட்டை இறக்கியதும் முதல் தட்டை மதில்மேல் வைத்துவிட்டு, “பொண்ணே, சாப்ட்டா சாப்டு, இல்லாட்டி கோழிக்குப் போடு, என்னாண்ட சொல்லாத” என்று போய்விடுவார். கீமோ போட்ட நாலு நாளைக்கு இவளுக்கு எல்லாம் இரும்பு போல ருசிக்கும். வாயெல்லாம் புண். அந்த இட்லி மட்டும் இறங்கியது. யாரும் முகத்தைப் பார்த்து நிற்காததால் இறங்கியிருக்கலாம்.

டிசம்பர் பிறந்ததும் கொயர் பிராக்டிஸ் தொடங்கியது. போகட்டுமா என்று என்னைக் கேட்கவில்லை, போகிறேன் என்றாள். ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் கேட்டேன். “கூட்டத்துல மாஸ்க் போடணும், ஜன்னல் திறந்திருக்கணும், இருமறவங்க கிட்ட உக்காரக் கூடாது, அவ்வளவுதான்” என்றார். சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். சபைக்குள் இவள் நுழைந்ததும் பாட்டு நின்றது. ஒரு நாற்காலி வந்தது. கதவோரம் போட்டார்கள். ஒரு டேபிள் ஃபேன் வந்தது. தண்ணீர் பாட்டில் வந்தது. பாட்டுத் தாள் மட்டும் வரவில்லை. கேட்டதற்குக் கொயர் மாஸ்டர், “அக்கா, நீங்க சிரமப்படாதீங்க. சும்மா உக்காந்து கேளுங்க, அதுவே எங்களுக்கு ஆசீர்வாதம்” என்றார்.

கொயர் மாஸ்டர் முப்பதைத் தாண்டிய ஆள். காக்களூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். வாரம் முழுக்க அங்கே அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை பைக்கில் வந்து சேருவார். அங்கே மெஷினை நிறுத்துகிற அதே கையால் இங்கே பாட்டை நிறுத்துவார். கெட்டவர் இல்லை. அவருக்கு ஸ்வரம் பார்த்துப் பாடச் சொல்லிக் கொடுத்ததே இவள்தான் என்பதால் இவள் முன்னால் அவருக்கு ஒரு பணிவு எப்போதும் உண்டு. அந்தப் பணிவோடுதான் இவளைக் கதவோரம் உட்காரவைத்தார்.

திரும்பி வரும்போது பின்னாலிருந்து சொன்னாள்: “சும்மா உக்காந்து கேக்கறதுக்கு ஊட்ல ரேடியோ இல்லியா? இத்தினி மேடு பள்ளத்துல குலுங்கிக்கினு வரணுமா?” ரயில்வே கேட்டில் நின்றபோது, “ரெண்டாவது பாட்டுல ஆல்டோவ அப்படியே வுட்டுட்டாங்க. வெறும் சோப்ரானோ மட்டும் கத்திக்கினு கீது. தகர ஷெட்ல மழை பேஞ்ச மாதிரி” என்றாள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து நான் மட்டும் வெளியே வந்தபோது, கொயர் மாஸ்டர் கேட்டருகே என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

“அண்ணே, கமிட்டில பேசுனோம். இந்த வருஷம் ரவுண்ட்ஸ் உங்க ஊட்டாண்ட வரும்போது டிரம் வேணாம், தாத்தாவும் வேணாம். மெதுவா ஒரு ஆறுதல் பாட்டு பாடி, ஜெபம் பண்ணிட்டுப் போய்டறோம். டீ கீ எதுவும் போடாதீங்க.”

இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு இதிலென்ன என்று தோன்றலாம். எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கொயர் வீடு வீடாக வரும். டிரம் அடித்து, வேகப் பாட்டு ஒன்று பாடி, கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவர் ஆடி, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து, வீட்டார் கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். அந்த வருஷம் சாவு விழுந்த வீடு என்றால் மட்டும் வேறு. துக்க வீட்டில் ஸ்டார் கட்ட மாட்டார்கள், பலகாரம் சுட மாட்டார்கள். கொயர் அங்கே டிரம்மையும் தாத்தாவையும் தெருவிலேயே நிறுத்திவிட்டு, மெதுவாக உள்ளே போய், ஆறுதல் பாட்டு பாடி, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் வெளியே வரும். நல்ல வழக்கம். நான் அதைக் குறை சொல்லவில்லை. என் அப்பா இறந்த வருஷம் எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தார்கள். அந்தப் பாட்டில் நான் அழுதேன். ஆனால் அப்போது என் அப்பா கல்லறையில் இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை.

“யாருப்பா செத்துட்டது?” என்று கேட்டேன்.

“ஐயோ, அண்ணே! இன்னா பேச்சு இது. அக்காவுக்கு சத்தம் ஒத்துக்காதேன்னுதான்.”

“ஒத்துக்காதுன்னு டாக்டர் சொன்னாரா?”

“கமிட்டில சொன்னாங்கண்ணே.”

கமிட்டி என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு மயக்கம். மில்லில் எங்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஃபர்னஸ் எப்போது எரியும், எப்போது அணையும், யாருக்கு நாளை முதல் வேலை இல்லை, எல்லாம் மேலே முடிவாகிக் கீழே வரும். அந்தக் குறையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தீர்த்துக்கொள்வார்கள். பாய் எந்தப் பக்கம் விரிப்பது, மைக் யார் கையில் இருப்பது, எந்த ஃபேன் எந்த வேகத்தில் சுற்றுவது, எல்லாவற்றுக்கும் தீர்மானம். அப்படி ஒரு நாள் உட்கார்ந்து, என் மனைவி உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்பதையும் கைதூக்கி முடிவு செய்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். ஒளித்தால் வாட்ஸாப்பில் வந்துவிடும், அதற்கு நானே சொல்வது மேல். கேட்டுக்கொண்டிருந்தாள்.

“டிரம் இல்லியா?”

“இல்ல.”

“தாத்தா?”

“இல்ல.”

“டீயாவது குடிப்பாங்களா?”

“போட வேணாம்னாங்க.”

“நான் எப்பய்யா செத்தேன்? செவ்வாக்கெழமையா? செவ்வாக்கெழம எனக்கு முடியலதான், ஒத்துக்கறேன். ஆனா சாயங்காலம் ரசம் ஊத்தி சாப்ட்டனே.”

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். வாய்ப்புண்ணால் சிரிப்பு பாதியில் நின்று கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“யோவ். அவங்க டிரம்மோட வரணும். எனக்கு சொகமாவணும்னு கூட இப்ப நான் கேக்கல, அது ஆவறப்ப ஆவட்டும். செத்தவ ஊட்டுக்கு வர்ற மாதிரி என் ஊட்டுக்கு வரக் கூடாது. நான் கீறேன்ல?”

எனக்கும் உள்ளே ஒரு பயம் இருந்தது. ரவுண்ட்ஸ் எங்கள் தெருவுக்கு வருவது அடுத்த கீமோ போட்ட மறுநாள். அந்த நாட்களில் மிக்ஸி ஓடினாலே தலையைப் பிடித்துக்கொள்வாள். “கீமோ போட்ட ஒடனே வருதே… டிரம் சத்தம் தாங்குமா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“ஓ. நீயும் கமிட்டில சேந்துட்டியா?” என்றாள்.

அதோடு வாயை மூடிக்கொண்டேன். லோடு தொங்கும்போது மூட வேண்டிய வாயை நானே திறந்திருந்தேன்.

சாயங்காலம் ஸ்டார் கட்டச் சொன்னாள். சின்னதாக ஒன்று வாங்கி வந்தேன். பார்த்துவிட்டு, “இத்தப் பாத்தா கொசு மாட்டிக்கிச்சுன்னு நெனைச்சிக்குவாங்க” என்று திருப்பி அனுப்பினாள். பெரியதாக வாங்கி வந்து மாடிக் கம்பியில் கட்டினேன். பக்கத்து வீட்டம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். விஷயத்தை அவரிடம் சொன்னேன். ஸ்டூலை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தார். நான் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன்.

“இன்னா நைனா இது! செத்தவங்களுக்கே நாங்க மோளம் அடிச்சி அனுப்புவோம். உங்காளுங்க உசுரோட கீறவளுக்கு அடிக்க மாட்டாங்களாமா?”

“ஸ்டூலப் புடிங்கக்கா.”

“புடிக்கறேன் இரு. எங்கூட்டாண்ட அடிப்பாங்களா மாட்டாங்களா? அத்த கேட்டுச் சொல்லு.”

இந்தம்மாவுக்கு வருஷா வருஷம் அது ஒரு ஆசை. சபை வீடு இல்லை, ஆனாலும் ரவுண்ட்ஸ் எங்கள் வீட்டை முடித்ததும் அவர் வாசலில் ஒரு பாட்டு டிரம்மோடு பாடிவிட்டுத்தான் போகும். யாருடைய சாமியாக இருந்தாலும் வாசலில் மேளம் கேட்டால் வீடு நன்றாயிருக்கும் என்பது அவர் எண்ணம். சுண்டலும் டீயும் கொடுப்பார். அவர் வீட்டுக்கு டிரம் உண்டு என்பதைக் கமிட்டியில் யாரும் மாற்றவில்லை. இட்லிக்கார அம்மாவுக்குக் கிடைக்கிற கிறிஸ்துமஸ், இத்தனை வருஷம் கொயரில் நின்றவளுக்குக் கிடையாது. எங்கள் தீர்மானங்கள் இந்த லட்சணத்தில் இருக்கும்.

பாஸ்டரிடம் போனேன். வெளியூர்க்காரர், புதியவர். மூன்று பேர் உட்கார்ந்திருந்தாலும் மைக்கில் பேசுகிறவர். மைக் இல்லாதபோது என்ன பேசுவது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே இருப்பார். நான் சொன்னதைச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“கொயர் விஷயத்துல நான் தலையிடறதில்ல, பிரதர். அது கமிட்டி முடிவு. ஆனா நானே உங்கள பாக்கணும்னு இருந்தேன். கிறிஸ்துமஸ் ஆராதனையில சிஸ்டர் ஒரு சாட்சி சொன்னா சபைக்கு ரொம்ப ஆசீர்வாதமா இருக்கும். கர்த்தர் எப்படி சுகம் கொடுத்தார்னு.”

“இன்னும் கீமோ பாக்கி இருக்கு பாஸ்டர். அதுக்கப்புறம் கதிர்வீச்சு குடுக்கணும்னு சொல்லியிருக்காங்க.”

“விசுவாசத்தோட முன்கூட்டியே சொல்லலாமே.”

வந்து அவளிடம் சொன்னேன். “இன்னா சாட்சி? கேஸே இன்னும் முடியல, தீர்ப்பு மட்டும் இவரு எழுதிட்டாரா?” என்றாள்.

ஒரே வாரத்தில் கமிட்டி இவளைச் சாகடித்தது, பாஸ்டர் பிழைக்கவைத்துவிட்டார். நடுவில், குமட்டலோடும் வாய்ப்புண்ணோடும் நகம் கறுத்துப்போன விரல்களோடும் ஒருத்தி நிஜமாகவே உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்க யாருக்கும் சௌகரியப்படவில்லை. பாவம், அவர்கள்மேலும் தப்பில்லை. செத்தவர்களுக்குப் பாட்டு இருக்கிறது, சுகமானவர்களுக்கும் பாட்டு இருக்கிறது. மருந்து ஏறிக்கொண்டிருப்பவர்களுக்கு எங்கள் பாட்டுப் புத்தகத்தில் பக்கமே இல்லை.

ரவுண்ட்ஸுக்கு முந்தின நாள் விடியற்காலை லோக்கல் ரயில் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். கீமோ வார்டில் யாரோ மருந்து பாட்டில் தொங்கும் கம்பியில் சின்னக் காகித ஸ்டார் ஒட்டியிருந்தார்கள். மருந்து ஏற ஏற, இவள் போனில் பிராக்டிஸ் பாட்டைச் சின்னதாக வைத்துக்கொண்டு கண்ணை மூடி ஆல்டோவை முனகினாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பாய் வீட்டம்மா. வெகுநேரம் கேட்டுவிட்டு, “இன்னா பாட்டும்மா இது? ஏறவும் மாட்டேங்குது, எறங்கவும் மாட்டேங்குது, ஒரே எடத்துல நிக்கிது?” என்றார்.

“மத்தவங்க ஏறி எறங்கறதுக்கு யாராவது ஒருத்தி கீழ நின்னு புடிக்கணும்ல, அதுதாங்க இது” என்றாள் இவள்.

“அப்ப நம்ம வேலதான்” என்றார் அந்தம்மா. இரண்டு பேரும் சிரித்ததில் நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தார். அந்த மாதம் முழுவதும் எங்கள் காதில் விழுந்த ஒரே ஒழுங்கான பேச்சு அதுதான். பேசியவருக்கு எங்கள் கிறிஸ்துமஸைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மறுநாள் மதியத்திலிருந்து இவள் முகம் வெளுத்துக் கிடந்தாள். இரண்டு முறை வாந்தி. நாலு மணிக்கு எழுந்து வெந்நீர் போடச் சொன்னாள். குளித்தாள். போன வருஷத்து கொயர் புடவையைக் கட்டினாள். தலைக்குத் துணி கட்டி, மாஸ்க்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அடுக்களையைப் பார்த்துக் கையைக் காட்டினாள்.

“டீ போடு. அண்டால போடு.”

“வேணாம்னாங்களேம்மே.”

“நான் அவங்கள கேக்கல.”

போட்டேன். ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். பெரிய ஸ்டார் எரிந்தது. தெரு முனையில் ரவுண்ட்ஸ் வண்டி வந்துவிட்டது, சீரியல் பல்பு சுற்றிய குட்டியானை டெம்போ. முதல் வீட்டில் டிரம் விழுந்தது. நான் இவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைச் சுருக்கினாள். தலை வலிக்கிறதோ என்று கதவைச் சாத்தப் போனேன்.

“தெற. டிரம்காரன் தாளத்த லேட்டா எடுக்கறான், அதான்” என்றாள்.

ஒவ்வொரு வீடாக டிரம் நெருங்கி வந்தது. வீட்டுக்கு வீடு கைதட்டல், பிள்ளைகள் சத்தம். எங்களுக்கு முந்தின வீட்டில் பாட்டு முடிந்தது. பிறகு ஒன்றுமில்லை. தெருவே காதைப் பொத்திக்கொண்டதுபோல் இருந்தது. வண்டி பல்பை அணைத்துவிட்டு, எங்கள் வாசலைத் திருடன்போல் கடந்து, பக்கத்து வீட்டம்மாவின் வாசலில் போய் நின்றது. டிரம்காரரும் தாத்தா வேஷத்திலிருந்த எங்கள் சபை வெல்டர் ஒருவரும் அதிலேயே உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கம் பார்க்காமல் இருக்க வெல்டர் தாடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

கொயர் மட்டும் வந்தது. படியில் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினார்கள். மேலே எரிகிற ஸ்டாரை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, பார்த்தால் கமிட்டி முடிவு கெட்டுவிடும். உள்ளே வந்து சுவரோரமாக நின்றார்கள். ஒவ்வொரு முகமும் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்து வைத்த முகம். இத்தனை வருஷம் இவளோடு பக்கத்தில் நின்று பாடியவர்கள், இவளுடைய தயிர்சாத டப்பாவில் கை போட்டவர்கள், இப்போது இவளைப் பார்க்காமல் இவளுக்குப் பின்னால் இருந்த காலண்டரைப் பார்த்தார்கள். அண்டாவில் டீ ஆறிக்கொண்டிருந்தது. மாஸ்டர் தொண்டையைச் செருமிச் சுதி கொடுத்தார். மெதுவாக, மிக மெதுவாக, முதல் அடியைப் பாடினார்கள். நன்றாகத்தான் பாடினார்கள். சாவுக்குப் பாடுவதில் எங்கள் சபையை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அடி முடிந்து மூச்செடுக்கிற இடைவெளியில் இவள், “அழகா பாடறீங்கோ” என்றாள். சிலர் முகம் மலர்ந்தது. “அதெல்லாம் இருக்கட்டும்பா, பொட்டி எங்க?” என்று தொடங்கி, முதலில் நான் சொன்னேனே, அதைக் கேட்டாள்.

சோப்ரானோவில் ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“அக்கா… கமிட்டில…” என்றார் மாஸ்டர்.

“கமிட்டிக்கு இன்னாப்பா, கமிட்டிக்கா கீமோ போடறாங்க?”

“உங்களுக்கு சத்தம் கஷ்டமா இருக்குமேன்னு…”

“என்னைக் கேட்டியா?”

அவர் தலையைக் குனிந்தார். “இல்லக்கா.”

“ஊட்டுக்கு ஸ்டார் கட்டிக்கீறேன், பாத்தியா?”

“பாத்தேன்க்கா.”

“பாத்துட்டுதான இத்த பாடுன?”

அவர் கையிலிருந்த புத்தகத்தை மூடினார். திறந்தார். வேறு என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. “ஜெபம் மட்டும் பண்ணிட்டுக் கெளம்பிடறோம்க்கா” என்றார், பரிதாபமாக.

“தாராளமா பண்ணுங்கோ. தோ, இவரு கீறாரு. இவருக்குப் பண்ணுங்க, இவருக்குத்தான் தேவ” என்று என்னைக் காட்டினாள்.

மாஸ்க்கை மாட்டினாள். நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தாள். நான் பிடிக்கப் போனேன், முழங்கையால் தள்ளிவிட்டாள். வாசலில் குவிந்து கிடந்த கொயரின் செருப்புகளைக் காலால் ஒதுக்கி, தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கி, மதிலைப் பிடித்துக்கொண்டே நடந்து, பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனாள். அந்தம்மா ஒரு வார்த்தை கேட்காமல் இட்லிக் கடை நாற்காலியை இழுத்து நடுவாசலில் போட்டார். இவள் அதில் உட்கார்ந்து, புடவைக் கொசுவத்தைச் சரிசெய்து, மூச்சு அடங்கும்வரை காத்திருந்தாள்.

பிறகு வண்டியிலிருந்த டிரம்காரரைப் பார்த்து, “இந்த ஊட்டுக்கு டிரம் உண்டுல்ல? எறங்கி வா. வேகப் பாட்டு” என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுக்குள் நின்றிருந்த கொயருக்குக் கேட்கும்படி, கறுத்துப்போன நகங்களோடு இரண்டு கையையும் தூக்கித் தட்டித் தாளம் எடுத்துக் கொடுத்தாள்.